சின்னராசு போட்ட கறுப்புக் கரை கார்டு

சின்னராசுவுக்கு யோசனை வந்தால் எனக்குப் பயம் வந்துவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட் ரோட்டில் என் டீக்கடையும் அவனுடைய இரும்பு கேட்டுப் பட்டறையும் ஒட்டினாற்போல இருக்கின்றன. அவனுக்கு யோசனை வருகிற நாளில் என் வியாபாரம் படுத்துவிடும். ஒருமுறை விளம்பரம் என்று சொல்லி, மாதிரிக்குச் செய்த பெரிய கேட்டு ஒன்றை என் கடைக்கு முன்னால் கொண்டுவந்து சாத்தி வைத்தான். கடை மூடியிருக்கிறது என்று நினைத்து அன்றைக்கு ஒரு பயலும் டீ குடிக்க வரவில்லை.

ஆனால் நல்ல வேலைக்காரன், அதை மறைக்கக் கூடாது. பல வருஷம் கம்பெனியில் வெல்டராக இருந்தான். ஒரே மாதிரி பைப்பு, ஒரே மாதிரி ஒட்டு. ஒட்டிய பைப்பு லாரி ஏறி எந்த ஊருக்குப் போகிறது என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

"நான் செஞ்சது எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியணும் லோகு. தெருவுல போவ சொல்ல, அதோ பாரு என் கேட்டுன்னு கைய காட்டணும்" என்றான். வேலையை விட்டான், பட்டறையைப் போட்டான். முதல் கேட்டைப் பொதட்டூர்பேட்டையில் இருக்கும் தன் அத்தை மணியம்மாளுக்குச் செய்து கொடுத்தான். அப்புறம் நாலைந்து ஜன்னல் கம்பி, ஒரு நாய்க்கூண்டு. இரண்டாவது கேட்டுக்கு ஆர்டர் வரவே இல்லை.

ஆடி பிறந்ததும் அவன் பெண்டாட்டி செண்பகம் கெடு வைத்துவிட்டாள். அவள் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டுகிறவள். என்னைக் கேட்டால் நியாயம் அவள் பக்கம்தான்.

"ஆடி முடியறதுக்குள்ள ஒரு கேட்டு ஆர்டரு வரணும். வரலன்னா, ஆவணி பொறந்ததும் காட்டுப்பள்ளி ஹார்பருக்கு வேலைக்குப் போய்ச் சேரு. காண்ட்ராக்டரு கிட்ட சொல்லி வெச்சுக்கீறேன்."

ஆடியில் எவன் வாசலுக்குப் புதுக் கேட்டு போடுவான்? சின்னராசு இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்தான். மூன்றாம் நாள் சிரித்த முகத்தோடு என் கடைக்கு வந்தான்.

"போஸ்ட் கார்டு போடப் போறேன் லோகு."

"இந்தக் காலத்துலயா?"

"வாட்ஸ்அப்புல போட்டா கட்டை விரலால தள்ளிக்கினு போறான். நோட்டீஸ் குடுத்தா நீயே அதுல பஜ்ஜி மடிக்கிற. கார்டு அப்பிடி இல்ல. பேர் போட்டு ஊடு தேடி வருது. படிச்சுத்தான் ஆவணும்."

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். அதோடு விட்டிருக்கலாம். வியாபாரத்துக்கென்று புதிதாக ஒரு போன் நம்பர் வாங்கினான், பழைய நம்பரைத் தலைமுழுகினான். கட்டுக்கட்டாகக் கார்டு வாங்கி இரண்டு வாரம் ராவும் பகலும் எழுதினான். வீடு கட்டுகிறவர்கள், கட்டப் போகிறவர்கள், சொந்தக்காரர்கள், ஒருவரையும் விடவில்லை. கேட்டே பேசுகிற மாதிரி இருக்கட்டும் என்று, "காலத்துக்கும் உங்கள் வாசலில் நிற்பேன். இப்படிக்கு, சின்னராசு" என்று முடித்தான். கடைசியில் கார்டும் கேட்டு மாதிரியே தெரிய வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. கேட்டுக்கு அடிக்கிற கறுப்பு பெயிண்டை எடுத்து ஒவ்வொரு கார்டுக்கும் நாலு பக்கமும் கரை கட்டிவிட்டான்.

எங்கள் பக்கத்தில் கார்டு மூலையில் மஞ்சள் இருந்தால் கல்யாணம், கறுப்பு இருந்தால் சாவு. கறுப்புக் கார்டை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே யார் என்று பார்த்துக் கிழித்துப் போட்டுவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள். இது மூன்று வயசுக் குழந்தைக்கும் தெரியும். சின்னராசுவுக்கும் தெரியும். ஆனால் கையில் பெயிண்ட் பிரஷ் இருக்கும்போது அவனுக்கு வேறொன்றும் ஞாபகம் இருக்காது. எல்லாவற்றையும் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, மிச்சம் இருந்த ஒன்றை என்னிடம் பெருமையாகக் காட்டினான். நான் டீ கிளாஸை நழுவ விட்டேன்.

"அட பேமானி! இன்னாடா பண்ணி வெச்சுக்கீற?"

"ஏன், கேட்டு மாதிரியே இல்ல?"

ஒருவரும் போன் செய்யவில்லை. எப்படிச் செய்வார்கள், நம்பரோடு சேர்த்துத்தானே கிழித்துப் போட்டார்கள்! ஆடிக் கடைசி வாரம் வந்தது. காண்ட்ராக்டர் சீருடை அளவு கேட்டு அனுப்பினான். சின்னராசு கேட்டுக் கம்பியை மூலையில் போட்டுவிட்டு ஒரு பழைய கட்டிலுக்குக் கால் ஒட்டிக்கொண்டிருந்தான். அவனை அப்படிப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் ஒரு வேன் வந்து நின்றது. மணியம்மாள் தலைவிரி கோலமாக இறங்கினாள். பின்னாலேயே மாலையும் கோடித் துணியுமாகச் சொந்தக்காரப் பெண்கள். கார்டில் கறுப்பையும் பெயரையும் பார்த்ததும் பழைய நம்பருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்திருக்கிறது. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? பட்டறைக்குள் கட்டில் வேறு கிடந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ரோட்டோரத்தில் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒப்பாரி வைப்பதில் மணியம்மாள் பெரிய கை. மார்பில் அடித்துக்கொண்டு எடுத்தாள் பாருங்கள்:

"தொட்டாத் தொறக்குமே, வெண்ணெயா வழுக்குமே
கீலுல சத்தமில்ல, கெட்ட வாயி அதுக்கில்ல
புயலடிச்சு ஊரெல்லாம் கூரை பறந்தப்போ
நீ போட்ட கேட்டு மட்டும் நெட்டுக்குத்தா நின்னுச்சே
கேட்டை நிக்க வெச்ச ராசா, நீ சாஞ்சு போனியே!"

ரோடே நின்றுவிட்டது. என் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த வீரராகவனும் எழுந்து நின்றார். கவரைப்பேட்டையில் கம்பெனி ஆட்களுக்கு வாடகை வீடு வரிசையாகக் கட்டுகிற மனிதர். சின்னராசு கேட்கும்போதெல்லாம் "பார்க்கலாம்பா" என்று நழுவுகிறவர்.

அதே நேரத்தில் ஷிப்டு முடிந்து செண்பகம் பஸ்ஸை விட்டு இறங்கினாள். மாலையைப் பார்த்தாள். ஒப்பாரி காதில் விழுந்தது. டிபன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "யோவ்! நீ எங்கயும் வேலைக்குப் போவ வாணாய்யா!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள். அந்தச் சத்தத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது.

பின்கட்டில் கிரைண்டர் சத்தத்தில் எதுவும் காதில் விழாத சின்னராசு, வெல்டிங் மாஸ்க்கை மாட்டிய முகத்தோடு வெளியே வந்தான். பெண்கள் அலறிப் பின்னால் விழுந்தார்கள். அவன் மாஸ்க்கைத் தூக்கினான்.

"இன்னா அத்த, எப்ப வந்த? சாப்பாடு ஆச்சா?"

செண்பகம் டிபன் பையாலேயே அவனை ரெண்டு சாத்து சாத்தினாள். அப்புறம் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மணியம்மாளோ எடுத்த பாட்டைப் பாதியில் விட்டால் ஆகாது என்று, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மிச்ச நாலு வரியையும் பாடி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வீரராகவன் மெதுவாக அவள் பக்கத்தில் வந்தார். "ஏம்மா, புயல்ல அந்தக் கேட்டு நின்னுச்சுன்னு பாடினியே, நெஜமா?"

"செத்தவன் ஊட்டு வாசல்ல உக்காந்துக்கினு பொய் பாடுவாங்களா?" என்று அவள் சீறினாள்.

வரிசை வீடுகள் அத்தனைக்கும் கேட்டு சின்னராசுதான் என்று அங்கேயே முடிவானது. செண்பகம் அந்த நிமிஷமே காண்ட்ராக்டருக்குப் போன் போட்டு, தன் புருஷன் வேலைக்கு வர மாட்டார் என்று சொன்னாள். கொண்டுவந்த மாலையை வீணாக்க மனசில்லாமல் பட்டறைச் சாமி படத்துக்குப் போட்டார்கள்.

வேன் கிளம்பும்போது சின்னராசு ஜன்னலைப் பிடித்துக்கொண்டான்.

"அத்த, என் கேட்டப் பத்தி பாடினியே, அத இன்னொரு தபா சொல்லேன்."

"அதெல்லாம் செத்தவனுக்கு, நைனா. உசுரோட கீறவனுக்கு இன்னாத்துக்கு?" என்றாள் மணியம்மாள். வேன் நகர்ந்ததும் தலையை வெளியே நீட்டிக் கத்தினாள். "அந்தக் கேட்டுத் தாப்பா சரியா உழல. என்னிக்கு வந்து பாக்குற?"

"நாளைக்கே வரேன் அத்த!" என்று பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினான் சின்னராசு. அவ்வளவு சந்தோஷமாக அவன் ஓடி நான் பார்த்ததில்லை.