வெர்னாவின் நாற்காலியில் உட்கார்ந்த ஆள்

பிராண்டன் ஊரில் கடை வைத்திருக்கும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், வெர்னா கோஸ்டியுக் கண்ணில் பட்டால் வியாழக்கிழமைத் தூக்கம் போச்சு என்பார்கள். கார்பெட் கழுவிக் கொடுப்பது அவள் தொழில். ஆட்களைக் கூப்பிடுவது பிறவிக் குணம். பல் டாக்டர் அவள் வாய்க்குள் கையை விட்டிருந்தபோதே, "வியாழக்கிழமை காலைல ஏழு மணிக்கு நம்ம கூட்டத்துக்கு ஒரு தடவை வந்து பாருங்க" என்று குழறிக் குழறிச் சொல்லி அவரை வரவழைத்தாள். மாமியாரைப் புதைத்த அன்றே, சவ அடக்கம் செய்து கொடுத்தவரையும் அழைத்துவிட்டாள். வெட்கம் பார்த்தால் வேலைக்கு ஆகுமா?

கூட்டம் நடப்பது நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் உணவகத்தில். இருபத்திரண்டு பேர். ஆளுக்கு ஒரு நிமிடம் எழுந்து நின்று தன் தொழிலைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களை அவரிடம் அனுப்பி வைப்பார்கள். சட்டம் ஒன்றுதான் கண்டிப்பு: ஒரு தொழிலுக்கு ஒரே நாற்காலி. குழாய் வேலைக்கு ஒருவர், கூரை வேலைக்கு ஒருவர், கார்பெட்டுக்கு வெர்னா.

இறைச்சி ஆலையில் வேலை போனபின், கார்பெட் கழுவும் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஃபோன் அடிக்காதா என்று மூன்று மாதம் காத்துக் கிடந்தவள் அவள். காப்பீடு விற்கும் லாரீன்தான் வீடு தேடி வந்து இந்தக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனாள். "அன்னைக்கு லாரீன் கூப்பிடலேன்னா இன்னைக்கும் அந்த ஃபோனத்தான் மொறச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்" என்பாள் வெர்னா. அந்த நன்றியை அவளால் சும்மா வைத்திருக்க முடியவில்லை. அதனால்தான் போகிற வருகிறவரை எல்லாம் கூப்பிட்டாள்.

கூப்பிடுகிற வேகத்தில் ஆறு வருடங்களுக்கு முன் ஒரு கூத்தும் நடந்தது. டோனட் கடை வரிசையில் முன்னால் நின்ற மனிதரை அழைத்தாள். அவர் வண்டியில் 'பென்னர்' என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன தொழில் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்கவில்லை மகராசி. வியாழக்கிழமை அவரும் வந்தார், எழுந்து நின்றார். "என் பேரு எல்டன் பென்னர். கார்பெட் கழுவுறேன்."

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் வெர்னா பக்கம் திரும்பியது. கூரைக்காரன் டார்சி சும்மா இருப்பானா? "என்ன வெர்னா, உன் சீட்டுக்கு நீயே ஆள் பாத்துட்டியா?" என்றான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லாரீன் மெதுவாகச் சட்டத்தை எடுத்துச் சொன்னாள். பென்னர் தலையை ஆட்டிவிட்டு, தட்டில் இருந்த முட்டையைத் தொடாமலே கிளம்பிப் போனார். அந்தத் தட்டு வெர்னாவின் மனதை விட்டுப் போகவே இல்லை.

மறுநாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். "கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்திட்டேன். மன்னிச்சுக்கங்க."

"பரவால்லங்க. காபி நல்லா இருந்துச்சு" என்றார் அவர். அவ்வளவுதான் அவர் பேச்சு.

அன்றிலிருந்து சூரிஸ், விர்டன் என்று வெளியூர் வேலை எது வந்தாலும் வெர்னா அவருக்கே அனுப்பினாள். அவரும் போய்ச் செய்துவிட்டு வருவார். நன்றி என்று ஒரு வார்த்தை வாயில் வந்ததில்லை.

இந்த ஜனவரியில் வெர்னாவுக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன். ஆறு வாரம் வண்டி ஓட்டக் கூடாது. கூட்டத்துக்கு வர முடியாதவர் பதில் ஆளை அனுப்பலாம். அதுவும் இல்லையென்றால் வராத கணக்கு. ஆறு மாதத்தில் மூன்று முறை வராமல் போனால் நாற்காலி போய்விடும். பனிப்புயலில் ஒன்று, ஆபரேஷன் அன்று ஒன்று என்று இரண்டு ஏற்கெனவே போயிருந்தது. அவளுக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் அந்த நாற்காலியிலிருந்து வருவது. அது போனால் பழைய ஃபோன்தான், பழைய மூன்று மாதம்தான்.

பதில் ஆளாக வர ஒப்புக்கொண்டவள் பூக்கடை நோரீன். வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்கு அவள் ஃபோன் வந்தது. "வெர்னா, ராத்திரி வண்டி இஞ்சினச் சூடா வைக்கிற கரண்ட் ப்ளக்க மாட்ட மறந்துட்டேன். இஞ்சின் கல்லாக் கெடக்கு." வெளியே மைனஸ் முப்பத்தைந்து டிகிரி குளிர்.

கட்டுப் போட்ட கையோடு வெர்னா ஐந்து பேரைக் கூப்பிட்டாள். ஒருவரும் எடுக்கவில்லை. மிச்சம் இருந்தது ஒரே பெயர். பென்னர். பூனையைப் பாலுக்குக் காவல் வைக்கிற கதைதான். அவர் ஒன்றுமே செய்ய வேண்டாம், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினால் போதும். நாற்காலி காலியாகும், அடுத்த வாரம் அவர் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். மணி ஆறரை. அழைத்தாள்.

"எல்டன், இன்னைக்கு எனக்குப் பதிலா நீங்க போய் உக்காரணும். இல்லேன்னா என் சீட்டு போயிரும்."

"எத்தனை மணிக்கு?"

"ஏழு."

வைத்துவிட்டார். வருகிறேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை.

எட்டரைக்கு லாரீன் கூப்பிட்டாள். "ஏழுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது வந்தாரு. மீசையெல்லாம் பனி. நேரா போய் உன் சீட்ல உக்காந்தாரு. டார்சி, 'சீட்டு சூடா இருக்கா பென்னர்'னு கேட்டான்."

"அவரு என்ன சொன்னாரு?"

"அவர் முறை வந்ததும் எந்திரிச்சாரு. 'நான் வெர்னா கோஸ்டியுக். கார்பெட் கழுவுறேன்'னாரு. யாருமே சிரிக்கலடி. 'தோள் ஆறுற வரைக்கும் என் வேலையெல்லாம் பென்னர்னு ஒருத்தர் வந்து செய்வாரு. ஆனா எனக்கே ஃபோன் போடுங்க, அவருக்குப் போடாதீங்க. மார்ச்ல நானே வந்துருவேன். அதுவரைக்கும் வியாழக்கெழம வியாழக்கெழம அவரே இங்க வந்து உக்காருவாரு'ன்னுட்டு உக்காந்துட்டாரு. ஒரு நிமிஷம்கூட ஆகல."

வெர்னா நல்ல கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆறு வருடமாக வாயில் வராத நன்றியை அந்த மனிதர் மொத்தமாகக் கொண்டுபோய் ஊர் முன்னால் வைத்துவிட்டார்.

"வெர்னா? இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள். பிறகு கேட்டாள், "சாப்பிட்டாரா?"

"ரெண்டு தட்டு" என்றாள் லாரீன்.