மூன்றாவது விடை

என் அக்கா ஒரு மருத்துவமனையில் பதினாறு வருடமாகக் கணினி இணைப்புகளைப் பராமரிக்கிறாள். எந்த வார்டில் கோளாறு என்றாலும் "வயரக்காவைக் கூப்பிடுங்க" என்பார்கள். கூரைப் பலகைகளுக்கு மேலே தலையை நுழைத்துச் சரிசெய்துவிட்டு, முடியெல்லாம் தூசியோடு இறங்கி வருவாள்.

இந்த வருடம் பிரிவுத் தலைவர் பதவி காலியானது. விண்ணப்பிக்கிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் காட்ட வேண்டும். அதற்காக எட்டு மாதம் படித்திருந்தாள். "வேலை தெரிஞ்சவளுக்குக் காகிதம் எதுக்குக்கா?" என்று ஏதோ ஒரு ரயில் நிலையத்திலிருந்து போனில் நான் கேட்டபோது, "அந்தக் காகிதம் இல்லாமத்தான்டி மூணு தடவை என்னைத் தாண்டிப் போனாங்க" என்றாள்.

வியாழக்கிழமை தேர்வு. வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் கேமராவில் அறை முழுவதையும் காட்ட வேண்டும். முடியும்வரை யாரும் உள்ளே வரக்கூடாது, எழுதுகிறவர் பேசவும் கூடாது.

மூன்று வருடம் ஊர் சுற்றிய நான் அன்றைக்குத்தான் திரும்பினேன். திடீரென்று போய் நிற்க வேண்டும் என்ற ஆசையில் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமிருந்த சாவியால் வீட்டைத் திறந்து, சத்தமில்லாமல் அவள் அறைக்குள் போய்ப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டேன். அவள் உடம்பு விறைத்தது. வாயைத் திறக்கவில்லை. திரையில் ஒரு கேள்வி இருந்தது; பயிற்சி செய்கிறாள் என்று நினைத்தேன். நானும் அந்தத் துறையில் ஒரு வருடம் வேலை பார்த்தவள்தானே! திமிர்.

"இதுக்குப் போயா முழிக்கிற? மூணாவது விடைதான்!"

திரை வெளுத்தது. 'தேர்வு ரத்து செய்யப்பட்டது' என்று ஒரே வரி.

அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். பிறகு, "அது ரெண்டாவதுடி. சொன்னதுதான் சொன்ன, சரியாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள்.

தவறு என்னுடையது என்று தேர்வு நடத்துகிறவர்களுக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதினான்கு நாள் கழித்துத்தான் மறுபடி எழுதலாம் என்றார்கள். எழுதினாள், நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். அதற்குள் பதவி, அவளிடமே வேலை கற்றுக்கொண்ட ஒரு பெண்ணுக்குப் போய்விட்டது.

அந்தப் பெண் தினமும் அழைக்கிறாள். "அக்கா, நாலாவது மாடி கேபிள் எந்தப் பக்கமா இறங்குதுக்கா?" அக்கா சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பொறுமையாகச் சொல்கிறாள். நான் தலை குனிந்து சாப்பிடுகிறேன்.

நேற்று போனை வைத்துவிட்டு, "அடுத்த வருஷம் இன்னொரு பதவி வருதாம். அதுக்கு வேற பரீட்சை. நீ அப்ப ஊர்ல இருக்கமாட்டியே?" என்று சிரித்தாள்.

இருப்பேன் என்பதா, போய்விடுவேன் என்பதா, எது அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.