டெரன்ஸ் அங்கிளின் பட்டறைக்கு இழுத்த கேபிள்

நீங்கள் சிரிக்கப்போகிறீர்கள் என்று தெரிந்துதான் தொடங்குகிறேன். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் சிரித்திருப்பேன், ஏனென்றால் பேய்க்கதை சொல்லுகிற ஆட்களைக் கண்டால் "அதுக்கு கரண்ட் எங்கயிருந்து வருது?" என்று கேட்டு வாயை அடைக்கிறவன் நான். பிறந்தது கரடியனாறு. வந்தாறுமூலைக் கம்பசில் கொஞ்சக் காலம் கணினிக் கூடத்தில் உதவியாளனாக இருந்துவிட்டு, பிறகு சொந்தமாக நெட்வேர்க் வேலை செய்யத் தொடங்கினேன். எங்கள் பக்கம் செத்தவர்களை நிறையப் பார்த்த பக்கம். செத்தவர்கள் எல்லோரும் திரும்பி வருவதென்றால் மட்டக்களப்பு றோட்டில் சைக்கிள் ஓட இடமிருக்காது என்று நானே பகிடி விட்டிருக்கிறேன். இப்போது அந்தப் பகிடியை நான் விடுவதில்லை.

நடந்தது இரவிலும் இல்லை. நல்ல பகல், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெயில் முதுகைப் பொசுக்கிக்கொண்டிருந்த நேரம்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம். ஒரு நாள் மெல்பேர்னிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். பெயர் நொயலின். கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல் துண்டில், அவளுடைய தகப்பன் டெரன்ஸ் அங்கிள் தனியாக இருக்கிறார். பறங்கி ஆள், பழைய ஒல்லாந்த, போர்த்துக்கேயக் கலப்பு வம்சம், வள்ளத்து எஞ்சின் திருத்துவதில் அவரை அடிக்க ஆளில்லை. வீடு வாவிப் பக்கம், பட்டறை வளவின் மறு தொங்கலில் கடல் பக்கம். மனிசன் விடிந்தால் பட்டறைக்குள் போவார், பொழுதுபட்டால்தான் வெளியே வருவார். ஒருமுறை பிறசர் ஏறி உள்ளே விழுந்து, யாரும் காணாமல் ஒரு பகல் முழுக்கக் கிடந்திருக்கிறார்.

"அண்ணன், வீட்டில இன்டர்நெட் இருக்கு. அதைப் பட்டறைக்கு இழுத்து ஒரு கமெரா பூட்டித் தாங்க. நான் இங்கயிருந்து பாத்துக்கொண்டே இருக்கவேணும். மம்மிய விட்டிட்டம். பப்பாவயும் விட ஏலா" என்றாள்.

மம்மியை விட்டது சுனாமியில். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தேத்தண்ணி கொடுக்கப் பட்டறைக்குப் போயிருக்கிறார் ஸ்டெல்லா அன்ரி. பட்டறையின் பெரிய கதவு கடலைப் பார்த்த கதவு, தண்ணீர் அதால்தான் வந்தது. அங்கிள் அன்ரியின் கையைப் பிடித்திருந்தார், பிறகு பிடிக்கவில்லை, அவ்வளவுதான் அவர் சொல்லுவார். உடம்பு கிடைக்கவேயில்லை. கல்லும் சீமெந்தும் வாங்கி அந்தக் கதவு வாசலை அங்கிளே கட்டி மூடியிருந்தார். ஆனால் பட்டறையை விட்டுப்போக மாட்டாராம், மகள் எத்தனையோ முறை கூப்பிட்டும் ஆஸ்திரேலியா போக மாட்டாராம்.

நான் போன அன்று அங்கிள் என்னை வரவேற்ற விதமே தனி. "நான் என்ன கள்ளனா, கமெரா போட்டுப் பாக்க? அவளுக்கு அங்க வேலையில்லையா?" என்று ஏசினார். ஏசிவிட்டு வாங்குப் பலகையைத் துடைத்து இருக்கச் சொன்னார். எனக்கு ஆளைப் பிடித்துப்போய்விட்டது.

இப்போது கொஞ்சம் வேலை விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் கேபிளை மரத்தில் தொங்கவிட்டால் ஐப்பசி இடிக்கு இரண்டு பக்கத்து இன்டர்நெட் பெட்டியும் புகைந்துவிடும். அதனால் மண்ணுக்குள் குழாய் போட்டுத்தான் இழுக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அங்கிள் தலையை ஆட்டினார்.

"மண்ணுக்குள்ளால வயர் ஓடுறதப் பாத்தா ஆக்கள் பயப்பிடுவாங்க மனே. மேலால கொண்டுபோ."

"சண்டை முடிஞ்சிதே அங்கிள். இனி என்ன பயம்?" என்றேன். வாய்க்கொழுப்பு.

கல்லடி மணல், தோண்டுவது ஒரு வேலையே இல்லை. குழாயைப் புதைத்து, கயிறு கட்டிக் கேபிளை இழுத்து, வீட்டுப் பக்க முனைக்குக் கிளிப் அடித்துப் பெட்டியில் செருகினேன். பட்டறைப் பக்க முனையை வெளிச்சுவரோரமாக மண்ணிலிருந்து எடுத்து, ஒரு சுருள் சுற்றிப் போட்டேன். அதற்குக் கிளிப் அடிக்கவில்லை, உள்ளே கொண்டுபோகவும் இல்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வெட்டின வெறும் முனை, எதிலும் மாட்டாத முனை.

வீட்டு மண்டபத்தில் இருந்த கணினியில் நொயலினைப் பேச்சுக்கு எடுத்து அப்படியே திறந்து விட்டிருந்தேன். அந்தக் கணினிக்குக் கமெரா கிடையாது. வாங்கின கமெரா ஒன்றே ஒன்று, பட்டறைக்கென்று வாங்கியது, அது மேசையில் பெட்டியோடு ஒட்டுப் பிரிக்காமல் கிடந்தது. நாங்கள் கதைப்பது அவளுக்குக் கேட்கும், அவ்வளவுதான். "எனக்கு ஒண்டும் தெரியல்ல அண்ணன், கறுப்பாத்தான் கிடக்கு" என்றாள். "பொறுங்க தங்கச்சி, இன்னும் கொஞ்ச நேரத்தில பப்பாவப் பாப்பீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே வரவும் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அலறல். பக்கத்து வளவில் இருந்தவர் யோகமக்கா, பனிச்சங்கேணியில் சண்டை நடந்தபோது இடம்பெயர்ந்து வந்து அப்படியே தங்கிவிட்டவர். மண்ணுக்குள்ளிருந்து கறுப்பு வயர் ஒன்று வெளியே வந்து கிடப்பதைக் கண்டு, புதைத்த கண்ணிவெடியின் வயர் என்று நினைத்துவிட்டார். பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு "கிளைமோர்! கிளைமோர்!" என்று கத்தியபடி றோட்டுக்கு ஓடினார். றோட்டு முனையில் ஆமியின் சென்றிக் காவலரண் இன்னும் எடுபடவில்லை. துவக்கோடு இரண்டு ஆமிக்காரர் வந்து என்னை வளவு வாசல் படலையிலேயே நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னார்கள்.

"மல்லி, இது என்ன வயர்?" என்றான் ஒருவன், சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு.

இன்டர்நெட் என்றேன். மண்ணுக்குள் என்ன இன்டர்நெட் என்று கேட்டான். கையில் இருந்த வெட்டுத் துண்டு ஒன்றை உரித்துக் காட்டினேன், அது இன்னும் பிழையாய்ப் போயிற்று, உள்ளே பச்சை, நீலம், ஒறேஞ்ச் என்று கம்பிகளைக் கண்டதும் அவனுடைய முகம் மாறிவிட்டது. வீட்டுக்காரரைக் கேளுங்கள் என்று சொல்லி "அங்கிள்! அங்கிள்!" என்று கூப்பிட்டேன். பட்டறையிலிருந்து பதில் இல்லை. காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சுத்தியல் சத்தமும் இல்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும், ஆனால் துவக்கு முன்னால் நிற்கும்போது மூளை எங்கே வேலை செய்கிறது!

காற்சட்டைப் பைக்குள் போன் அடித்தது. கையை இறக்காதே என்றான். போன் நின்று திரும்ப அடித்தது, திரும்பத் திரும்ப அடித்தது. கடைசியில் அவனே பைக்குள் கையை விட்டு எடுத்து என் காதில் வைத்தான். நொயலின். அழுகையில் பாதிதான் விளங்கியது.

"பப்பா விழுந்து கிடக்கிறார்! நிலத்தில கிடக்கிறார்! ஓடுங்க!"

வீட்டுப் பக்கச் சின்னக் கதவால் பட்டறைக்குள் ஓடினேன். சுட்டிருக்கலாம், சுடவில்லை, இரண்டு பேரும் என் பின்னால் ஓடி வந்தார்கள். அங்கிள் குப்புறக் கிடந்தார், கட்டி மூடிய கதவுப் பக்கமாக ஒரு கை நீண்டிருந்தது. முகம் நீலம் பாய்ந்து, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆமிக்காரர்களின் ஜீப்பில்தான் பாலத்தைக் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்தப் பெடியன்களை இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் முடிந்திருப்பார் என்றார் டொக்டர்.

பொழுது சாயத் திரும்பி வந்தேன். யோகமக்கா வேலியோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். "வயரக் கண்டதும் எனக்கு ஈரல் கருகிட்டு தம்பி. எங்கட ஊரில இப்பிடித்தான் ஒரு வயர் கிடந்திச்சி..." என்றவர் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார். நான் கோபிக்கவில்லை. அங்கிள் சொன்னதைக் கேட்டிருந்தால் அந்த மனிசி பயந்திருக்கவே மாட்டாள்.

சாமான்களை எடுத்து வைக்கலாம் என்று பட்டறைப் பக்கம் போனவன் அப்படியே நின்றேன். கேபிள் சுருள் நான் போட்ட இடத்தில் போட்டபடி கிடந்தது, வெட்டின முனை மண் ஒட்டிக்கொண்டு. மண்டபத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். கமெராப் பெட்டி ஒட்டுக்கூடப் பிரியாமல் மேசையில் இருந்தது. அவள் எப்படிப் பார்த்தாள்?

நொயலினுக்கு எடுத்தேன். அவள் என் கேள்வியையே விளங்கிக்கொள்ளவில்லை.

"நீங்கதானே அண்ணன் பூட்டினீங்க? கறுப்பாக் கிடந்தது திடீரெண்டு படமா வந்திச்சி. பப்பா எஞ்சினுக்குப் பக்கத்தில நிண்டு இங்கால திரும்பிப் பாத்தார், மறுகா விழுந்திட்டார். படம் ஆடிக்கொண்டே இருந்திச்சி, அதை ஒழுங்கா இறுக்கல்லயா?"

"எந்தப் பக்கத்திலயிருந்து தெரிஞ்சிச்சி தங்கச்சி?"

"கடல் பக்கத்துப் பெரிய கதவால. அந்தக் கதவக் கட்டி மூடினதெண்டு பப்பா சொன்னாரே, எப்ப உடைச்ச நீங்க?"

நான் ஏதோ சொல்லி போனை வைத்தேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், அன்றிரவு படுக்கையில் கிடந்து வேலைக்காரன் மூளையால் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்தேன். வேறு யாருடைய கமெராவாவது, பழைய படம் ஏதாவது, அழுகையில் அவளுக்கு வந்த மனப்பிரமை. எதுவும் பொருந்தவில்லை. அவள் ஓடச் சொன்ன நேரம் அந்த மனிசன் உண்மையாகவே விழுந்து கிடந்தார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை ஒரு நல்ல கதையாகவே சொல்லியிருப்பேன். செத்த மனிசி புருஷனைக் காப்பாற்றினாள், மெழுகுதிரி கொளுத்தினோம் என்று.

அந்தக் கிழமையே நொயலின் பறந்து வந்தாள். அங்கிளை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று பார்க்கப் போனேன். அதற்கு முன் அவள் என்னைக் கண்டதில்லை, நானும் அவளைக் கண்டதில்லை. மண்டபத்துக்குள் வந்தவள் என்னைக் கண்டதும் பின்னால் ஓரடி வைத்தாள்.

"நீங்களா கேபிள்காரர்?" என்றாள். "நீங்க அங்கதானே நிண்டீங்க? பப்பாக்குப் பக்கத்தில, அந்த வாசலுக்குள்ள? அண்டைக்குப் போனில கேக்கப் பயமா இருந்திச்சி."

இல்லை என்றேன். நான் படலையில் நின்றேன், ஆமிக்காரன் பிடித்து வைத்திருந்தான், யோகமக்காவைக் கேளுங்கள் என்றேன். அவள் கேட்கவில்லை. அன்று நான் போட்டிருந்த நீலக் கோடு போட்ட சேர்ட்டைச் சொன்னாள். நெற்றியில் இருக்கிற இந்தத் தழும்பைச் சொன்னாள்.

"தலையில இருந்து தண்ணி ஒழுகிச்சி உங்களுக்கு. பப்பா உங்களப் பாத்துத்தான் கைய நீட்டினார். நீங்க குனிஞ்சி பாத்தீங்க. கையக் குடுக்கல்ல. ஏன் குடுக்கல்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்லுகிறேன். அவரைத் தூக்கியவன் நான். கட்டிலில் சாய்ந்திருந்த அங்கிளிடம் திரும்பி, "நீங்களாவது சொல்லுங்க அங்கிள், நான் அங்க இல்லயெண்டு" என்றேன்.

அங்கிள் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது அந்தப் பார்வையில். பிறகு மகளிடம் சொன்னார்:

"அவனப் பேசாத மகள். அவன் என்ன செய்யிற? இடுப்பு மட்டும் தண்ணிக்குள்ள நிண்டவன். ஒரு கையில கேபிள். மற்றக் கைய ஸ்டெல்லா பிடிச்சிருந்தா, விடல்ல."

அந்த மாதமே தகப்பனும் மகளும் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். இப்போது அந்த வளவை வாங்கியவர் பட்டறையை விருந்தினர் அறையாக்கப் போகிறாராம், அங்கே இன்டர்நெட் இழுத்துத் தரச் சொல்லி இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டார். நான் கையில் வேலை அதிகம் என்று சாட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்ரி பிடித்தது எந்தக் கையை என்று நான் அங்கிளிடம் கேட்கவில்லை. இப்போதும் கேபிள் உரிக்க இருந்தால் கத்தியை எடுக்கமுன் விரல் பிடித்த தடம் ஏதும் இருக்கிறதா என்று இரண்டு கையையும் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.