அந்தக் கவிதையில் அழுவது யார்?

ஐம்பதுகளின் நடுவில், பாலக்காட்டில் நடந்தது இது. எங்களுடையது ஜவுளிக்கடைக் குடும்பம். தன் மாமாவின் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளக் கராச்சிக்குப் போன என் கணவர், எல்லைக் கெடுபிடியில் அங்கேயே சிக்கிக்கொண்டார். தகவல் குறைந்தது, பிறகு நின்றே போனது. நான் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என்னைப் பெற்ற அத்தா, காலமாகிவிட்டார், மதரஸாவில் பாரசீகம் கற்றவர், எனக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த மொழியின் பழைய கஸல் கவிதைகள்தான் எனக்குத் துணை. சோறு இறங்காது. அடுப்படியில் நின்று வரிகளை வாய்விட்டுச் சொல்வேன், அழுவேன். யாருக்கும் புரியாத பாஷை. பேய் பிடித்திருக்கிறது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மனம் பேதலித்தவர்களைச் சங்கிலியில் கட்டிவைக்கும் ஒரு தர்காவுக்கு என்னை அனுப்ப நாளும் பார்த்தாயிற்று.

அண்ணனுக்கு மட்டும் மனம் வரவில்லை. கோயம்புத்தூரில் மனோதத்துவம் கற்பிக்கும் ஓர் அம்மையாரைப் பற்றி யாரோ சொல்ல, என்னை பஸ்ஸில் கூட்டிப்போனார்.

அந்த அம்மா தூக்கம், சாப்பாடு எதையும் விசாரிக்கவில்லை. நான் மடியில் வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்து, "எனக்காக ஒண்ணு படிங்களேன்" என்றார். படித்தேன். தமிழிலும் சொல்லச் சொன்னார். காதலியைப் பிரிந்தவன் விடியும்வரை புலம்பும் பாட்டு.

"இதுல அழறது யாருங்க?"

"இறைவனைப் பிரிஞ்ச ஆத்மான்னு அத்தா சொல்லுவாங்க."

"சரிங்க. நீங்க படிக்கறப்போ?"

புத்தகத்தை மூடினேன். "நான்தாங்க" என்றேன்.

அதன் பிறகு மனதில் இருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. என் கணவருக்குப் பாரசீகம் தெரியாது. கடை அடைத்து வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, இதற்கு என்ன அர்த்தம், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பார். அவர் போனபின் என்னிடம் அப்படிக் கேட்க ஆளில்லை. அவரைத் தேடி மட்டுமல்ல, அவர் பக்கத்தில் இருந்தபோது இருந்த என்னையும் தேடித்தான் அழுதிருக்கிறேன். சொல்லும்போதுதான் அது எனக்கே தெரிந்தது.

"இது நோவு இல்லீங்க, ஏக்கம்" என்றார் அந்த அம்மா அண்ணனிடம். "மனுசனுக்கு என்ன கோளாறுன்னு தேடறதை விட்டுட்டு, அவன் என்னவா வளர ஏங்கறான்னு கேக்கணும்னு எங்க படிப்புலயே இப்பச் சிலர் சொல்றாங்க. உங்க தங்கச்சி பேசறதை உக்காந்து கேளுங்க."

ஊர் திரும்பும் பஸ் வாளையாறு தாண்டியது. அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அங்க படிச்சியே, அதை இன்னொருக்கா சொல்லு புள்ளே. எனக்கும் புரியட்டும்" என்றார்.

தர்காப் பேச்சை அவரே நிறுத்தினார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தால் என் பக்கத்தில் உட்காருவார். நாளடைவில் தெருப் பெண்களும் வந்தார்கள். நான் படித்துப் பொருள் சொல்வேன். ஒருத்தி இறந்துபோன குழந்தையைப் பற்றிப் பேசுவாள், இன்னொருத்தி பிறந்த ஊரைப் பற்றி.

என் கணவர் திரும்பவே இல்லை. அந்த ஏக்கம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை, எனக்குள் இன்னும் உயிரோடிருப்பது அதுதான் என்றே நினைத்து வாழ்கிறேன்.