அட்வான்ஸ் என்று வாங்கிய வருமானம்

இன்று முதலிபாளையத்தில் யாரைச் சந்திக்க வாய்த்தது தெரியுமா? பிரிசில்லா அக்காவை! டி-ஷர்ட்டில் குட்டி யானை, குழந்தை ஃபிராக்கில் பூ என்று எம்பிராய்டரி பார்ப்போமே, அதை மெஷின் எந்த வரிசையில் தைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பவர். ஊரில் இதற்குப் பஞ்சிங் என்று பெயர். சாத்தான்குளத்துக்காரர். கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே செய்கிறார். அவருக்கு நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் தூக்கிவாரிப் போடும்.

சொந்தமாக ஒரு எம்பிராய்டரி மெஷின் வாங்க வேண்டும், அதுதான் அக்காவின் ஆசை. வருமான வரிக் கணக்கு சுத்தமாக இருந்தால் லோன் உண்டு என்றார் பேங்க் மேனேஜர். ஜூலையில் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தார் அக்கா. தீபாவளி முடிந்ததும் போனில் ஒரு மெசேஜ். நீங்கள் காட்டிய வருமானமும் எங்களிடம் பதிவாகியிருக்கும் வருமானமும் ஒத்துப்போகவில்லை. அனுப்பியது வருமான வரித்துறை!

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நான் எதை ஒளிச்சேன்? எவன் துட்டைத் தூக்கிட்டுப் போனேன்?"

"ஜெயில்லயும் மெஷின் இருக்காம்ட்டி," என்றார் வீட்டுக்காரர். "லோனே வேண்டாம்."

"வாயைக் கழுவுங்க மொதல்ல!"

மறுநாளே ஆடிட்டர் விஜயகுமாரியிடம் ஓடினார். அவர் கம்ப்யூட்டரில் பார்த்தார். ஒத்துப்போகாத தொகை முழுக்க, அக்கா டிசைன் போட்டுக் கொடுக்கும் செல்வக்குமார் கம்பெனியின் பில்.

"மார்ச்சுல பில் போட்டீங்களா கண்ணு?"

"ஆமா மேடம். வருஷக் கடைசி, பில்லைக் குடுங்கன்னு செல்வக்குமார் அண்ணன்தான் கேட்டாரு. துட்டு ஆடியிலதான் வந்துச்சு. கைக்கு வராத துட்டை எப்படி மேடம் காட்டுவேன்?"

"நீங்க பண்ணுனது சரிதானுங்க. பணம் வர்றப்பத்தான் நீங்க கணக்கு எழுதறீங்க. அவிய பில்லு வந்தப்பவே செலவுன்னு எழுதி, வரியும் புடிச்சுட்டாங்க. ஆடியில வந்தது இந்த வருசத்துக் கணக்குன்னு பதில் போட்றலாம்."

அப்பாடா என்று மூச்சு விட்டார் அக்கா. ஆனால் ஆடிட்டர் பாஸ்புக்கைப் புரட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"இதென்னங்க, மார்ச்சுக் கடைசியில அதே கம்பெனியில இருந்து?"

"அது அட்வான்ஸ் மேடம். பில் இன்னும் பாஸ் ஆகல, ஈஸ்டருக்கு இதை அட்வான்ஸா வெச்சுக்கங்கன்னு போட்டுவிட்டாரு."

"திருப்பிக் குடுத்தீங்களா?"

"இல்ல. ஆடியில பில்லுல கழிச்சுக்கிட்டாரு."

"வேலை முடிஞ்சுது, பில்லும் போட்டாச்சு. அப்பறம் அதென்ன கண்ணு அட்வான்சு? அது போன வருசத்து வருமானமுங்க!"

அக்கா பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தார். பனியன் கம்பெனியில் பிழைத்தவர்களுக்குத் தெரியும், அட்வான்ஸ் என்றால் கடன். வாங்கியவர் கடன்காரர். வேலை செய்து அடைக்கும்வரை குனிந்த தலை. கடனை வருமானம் என்று யாராவது எழுதுவார்களா? எதையும் ஒளிக்கவில்லை என்று நேற்று முழுக்கச் சத்தியம் செய்தவருக்கு, தன்னை அறியாமலே விட்டுப்போனது ஒன்று கண்ணெதிரே இருந்தது.

"திருத்துனா பேங்குல சந்தேகப்படுவாங்களா மேடம்?"

"படலாமுங்க. இல்லீன்னு பொய் சொல்ல மாட்டேன். கணக்கைத் திருத்த டிசம்பர் வரைக்கும் டைம் இருக்குது."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "திருத்திருங்க மேடம்."

அதோடு நிற்கவில்லை. மேனேஜர் கேட்கும் முன்பே பேங்குக்குப் போய், இதுதான் நடந்தது என்று தானே சொன்னார். லோன் ஃபைல் திரும்பி வந்தது. கிறிஸ்துமஸ் மெஷின் இல்லாமலே போனது. திருத்திய கணக்கைப் பார்த்துவிட்டு, தை மாதம் லோன் கொடுத்தார்கள்!

இன்று நாம் போனபோது அந்த மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் செல்வக்குமாரின் போன்.

"ஏனுங் பிரிசில்லா, பில்லு பாஸாக லேட்டாகுமாட்ட இருக்குது. ஒரு அட்வான்ஸ் போட்டு உடட்டுங்களா?"

"அண்ணே, அந்தப் பேரு மட்டும் வேண்டாம். பில் நம்பரை எழுதிப் போட்டு விடுங்க!"

பில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பஞ்சிங்காரர், போட்டோகிராபர், டிசைனர் யாரையாவது தெரியுமா? இதை அவர்களுக்கு அனுப்புங்கள். முதலிபாளையம் பக்கம் போனால் அக்காவின் மெஷினையும் எட்டிப் பாருங்கள். ஆர்டர் கொடுத்தால் பில்லோடு கொடுங்கள்!