ஆற்றுக்கு நான் போட்ட கையெழுத்து

சிங்களம் பேசுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கஹவத்தைக் கடைத்தெருவில் நான் பேரம் பேசினால் கடைக்காரர் என் ஊரைக் கேட்கமாட்டார். ஆனால் சிங்களத்தில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பாதிப்பேர் அப்படித்தான். அதனால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று நானும் இத்தனை வருடம் இருந்துவிட்டேன்.

எங்கள் இறப்பர் தோட்டத்துக்குக் கீழே ஓர் ஆறு ஓடுகிறது. லயத்துச் சனம் குளிப்பது, துவைப்பது எல்லாம் அதில்தான். மேலே ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், இறப்பர்ப் பாலை உறைய வைத்த பிறகு மிஞ்சும் தண்ணீரை ஒரு வாய்க்கால் வழியாக ஆற்றில் விடுகிறார்கள். என் மகளுக்கு உடம்பெல்லாம் சொறி. மருந்து பூசினால் ஆறும், குளித்தால் திரும்ப வரும். சுற்றாடல் உத்தியோகத்தர் ஒருவர் வந்து, ஆற்றங்கரையைக் கவனிக்கத் தொண்டர்கள் வேண்டும் என்று கேட்டபோது முதல் ஆளாகக் கை தூக்கினேன். சமூகசேவை ஆசையெல்லாம் இல்லை. "வாராவாரம் கண்டத எழுதிக் குடுங்க, அது கையில இருந்தா அந்த வாய்க்கால நிப்பாட்டலாம்" என்று அவர் சிங்களத்தில் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனேன்.

இரண்டாவதாகக் கை தூக்கியவள் என் சிநேகிதி. லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரி, இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பாலெடுக்க மரப்பட்டை வெட்டுவதும் பக்கத்துப் பக்கத்து நிரையில்தான். சிங்களப் பாடசாலையில் படித்தவள் என்பதால் படிவம் நிரப்பும் வேலை அவளுக்குப் போயிற்று. படிவம் சிங்களத்தில்தான் இருந்தது.

சனிக்கிழமைகளில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, உரச்சாக்கு ஒன்றோடு பாலத்திலிருந்து மணல்திட்டு வரை நடப்போம். ஷாம்பு பைக்கற், பியர் போத்தல், ஒற்றைச் செருப்பு என்று பொறுக்கி எண்ணுவோம். ஒரு ஆள் எப்படித்தான் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போவான் என்று அவள் சிரிப்பாள். மணலில் நீர்நாயின் காலடி பார்த்த அன்று இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கத்தினோம். நண்டு ஓடு கலந்த அதன் எச்சத்தைக்கூடக் குந்தியிருந்து பார்த்தோம். உண்மையைச் சொல்லவேண்டும், அந்தச் சனிக்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன.

கண்டதையெல்லாம் நான் ஒரு கொப்பியில் தமிழில் எழுதிக்கொள்வேன். கடைசியில் பாறையில் உட்கார்ந்து நான் வாசிக்க, அவள் படிவத்தில் சிங்களத்தில் எழுதுவாள்.

"தண்ணி பால் கலந்த மாதிரி வெள்ளையா இருக்கு. நண்டெல்லாம் கல்லு மேல ஏறி நிக்குது. அழுகின முட்ட நாத்தம்."

"நாத்தம் கொஞ்சமா, நெறையவான்னு கேட்டிருக்கு புள்ள."

"மூக்கப் பொத்திக்கிட்டுதானடி உக்காந்திருக்க! நெறையன்னு போடு."

அவள் எழுதுவாள். படிவத்தை என் பக்கம் திருப்பி, "இந்தா, சைன் போடு" என்பாள். போடுவேன். என்ன எழுதினாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இடையில் அவள் புருஷனுக்கு ஸ்டோரில் நிரந்தர வேலை கிடைத்தது. ஸ்டோருக்குப் பக்கத்தில் குவாட்டர்ஸ், வாசலிலேயே பைப்புத் தண்ணீர். குடிபோன அன்று பால் காய்ச்ச விறகு சுமந்து போய்க் கொடுத்தவள் நான்தான். அதற்குப் பிறகும் அவள் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. பைப்புத் தண்ணீர் வந்த பிறகும் எங்களுக்காக இறங்கி வருகிறாளே என்று அவளைப் பற்றிக் கண்ட இடமெல்லாம் பெருமை பேசித் திரிந்தேன். என் வாயில் மண்ணைத்தான் போடவேண்டும்.

பிரதேச செயலகத்தில் கூட்டம் வைத்தார்கள். ஸ்டோர்க்காரர்களும் வந்திருந்தார்கள். உத்தியோகத்தர் எங்கள் படிவங்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். செருப்பு, போத்தல், நீர்நாய், எல்லாம் சரியாக இருந்தன. தண்ணீர் என்ற இடமும் முதல் சிலவற்றில் நான் சொன்னபடிதான் இருந்தது; பிறகு ஒன்றில், "தெளிவு. நாற்றம் இல்லை" என்றார். அடுத்ததிலும் தெளிவு. அதற்கடுத்ததிலும் தெளிவு. புருஷனுக்கு வேலை கிடைத்த மாதத்திலிருந்து எங்கள் ஆறு தெளிவாகவே ஓடியிருந்தது.

எழுந்து, "பொரு மாத்தயா, எல்லாம் பொய்!" என்று சிங்களத்தில் கத்தினேன். கொப்பியை விரித்து, வெள்ளைத் தண்ணீரையும் நாற்றத்தையும் செத்து மிதந்த மீனையும் அவர்களுடைய பாஷையிலேயே வாசித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு படிவத்தை என் முன்னால் வைத்து, தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல், "இந்தக் கையெழுத்து உங்களோடதுதானே, நங்கி?" என்றார்.

என்னுடையதுதான். எல்லாவற்றிலும் என்னுடையதுதான்.

கையெழுத்துப் போட்ட படிவத்தைத் தாண்டி எதுவும் செய்ய முடியாது, வேண்டுமானால் முதலிலிருந்து எழுதத் தொடங்குங்கள் என்றார். அவர்மேல் குற்றமில்லை. வாய்க்கால் அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. நான் கத்தியபோதும் வாசித்தபோதும் என் சிநேகிதி தலை நிமிரவில்லை.

பஸ் நிற்கும் இடத்தில் அவளைப் பிடித்தேன்.

"அடிப் பாவி, என் புள்ள ராத்திரியெல்லாம் சொறிஞ்சு அழுவுறது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். படிவத்துல அப்பிடி எழுதிட்டா வேல நிரந்தரம்னு அவருக்கிட்ட சொன்னாங்க. நான் என்ன செய்ய?" அழுதாள். அழுதுகொண்டே என்மேல் பாய்ந்தாள். "ஒரு நாளாவது என்ன எழுதுனேன்னு கேட்டியா நீ? கேட்டிருந்தா என்னால பொய் சொல்லியிருக்க முடியாது. ஏன் கேக்கல?"

"கேட்டா ஒன்னய நம்பலேன்னு ஆயிருமேன்னுதான்டி கேக்கல."

பஸ் வந்தது. அவள் முன்னால் ஏறினாள், நான் பின்னால் ஏறினேன்.

மறுநாள் காலை மகளை ஆற்றுக்குக் கூட்டிப் போனேன். தண்ணீர் வெள்ளையாகத்தான் இருந்தது. வேறு தண்ணீர் இல்லாததால் அதை அள்ளித்தான் அவள் தலையில் ஊற்றினேன்.