மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

1. அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு மனேஜர்

“தம்பிக்கு என்ன வேலை?” என்று கேட்டேன்.

“மனேஜர்,” என்றார் பவானி. சொன்ன வேகத்திலேயே தெரிந்தது, மெட்ரோவில் வரும்போது வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று.

மொன்றியலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரின் அலுவலகத்தில், தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் நடுவில் நின்று பிழைத்தவள் நான். மொழிபெயர்ப்பது, ஃபைல் கட்டுவது, அழுகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பது, பொய் சொல்கிறவர்களை ஏசுவது எல்லாம் என் வேலை. ஏசுவதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அதைத்தான் மனம் நிறைந்து செய்தேன். இப்போது ஓய்வு பெற்று லவாலில் வீட்டோடு இருக்கிறேன். என் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகள் “அக்கா, உங்கடை கேஸ் ஒண்டு ரெண்டை எழுதித் தாங்கோவன்” என்று விடாமல் கேட்கிறார்கள். அதனால் ரவியின் கேஸை எழுதுகிறேன்.

பவானி ரவியின் மூத்த சகோதரி. தம்பி யாழ்ப்பாணத்துக்குப் போய்க் கலியாணம் செய்துவிட்டு வந்திருந்தான். மனைவி சுகந்தி வவுனியாவில் பள்ளிக்கூட ஆசிரியை. அவளை இங்கே கூப்பிட வேண்டும். பவானி ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். சொந்தக்காரர் ஒருவரின் பலசரக்குக் கடையில் ரவி மனேஜராக இருக்கிறான் என்று அதில் எழுதியிருந்தது.

“இந்தக் கடைக்கு நான் கிழமைக்கு ரெண்டு தரம் போறனான். ஒருநாளும் மனேஜரைக் காணேல்லையே?”

“அவன் பின்னாலை இருப்பான்.”

“எதுக்குப் பின்னாலை? அரிசி மூட்டைக்குப் பின்னாலையோ?”

பவானிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகையும் வந்துவிட்டது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் உண்மைக் கதை வெளியில் வந்தது. ரவி உணவகங்களில் சமையல்காரனாக இருந்தவன். கலியாணத்துக்கு முன்பே முள்ளந்தண்டில் ஒரு வருத்தம் வந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வீல்செயாரில்தான் இருக்கிறான். வேலை செய்ததெல்லாம் கணக்கில் வராத கைக்காசுக்கு என்பதால் பென்ஷனும் இல்லை. அரசாங்கம் இயலாதவர்களுக்குக் கொடுக்கும் உதவிப் பணத்தில் வாழ்கிறான்.

“வெல்பெயர் எடுக்கிற ஆள் ஸ்பொன்சர் பண்ண ஏலாது எண்டு கோயில்லை எல்லாரும் சொல்லீனம் அக்கா. அதுதான்…”

“கோயில்லை குடிவரவு அலுவலகம் எப்ப திறந்தவை?” என்று கேட்டுவிட்டு, கடிதத்தோடு பவானியையும் கூட்டிக்கொண்டு எங்கள் மேத்ர் லூஸியிடம் போனேன். இங்கே வழக்கறிஞர்களை மேத்ர் என்றுதான் கூப்பிட வேண்டும். மேத்ர் விஷயத்தைக் கேட்டார். கடிதத்தை, செத்த எலியை வாலில் பிடிப்பதுபோல இரண்டு விரலால் தூக்கி, பவானியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

கோயிலில் சொன்னதில் பாதிதான் உண்மை. உடல் நன்றாக இருந்தும் வெல்பெயர் எடுப்பவர் மனைவியை ஸ்பொன்சர் செய்ய முடியாது. ஆனால் கடுமையான இயலாமை காரணமாக அந்த உதவியைப் பெறுபவருக்கு அந்தத் தடை இல்லை. மனைவியைக் கூப்பிடுவதற்கு இவ்வளவு வருமானம் வேண்டும் என்ற கட்டுப்பாடும் இல்லை. பொய்க் கடிதம் கொடுத்துப் பிடிபட்டால்தான் கதவு வருடக்கணக்கில் மூடிக்கொள்ளும். சுருக்கமாகச் சொன்னால், ரவி இருக்கிறபடி இருந்தால் சுகந்தி வரலாம், மனேஜர் ஆனால் வர முடியாது.

பவானி இதை நம்புவதற்கு இரண்டாவது தேத்தண்ணி தேவைப்பட்டது.

2. கையெழுத்து

எங்கள் அலுவலகம் இரண்டாம் மாடியில். வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிகள்தான், லிஃப்ட் கிடையாது. ரவி மேலே வர முடியாது. அதனால்தான் அவனுக்காக எல்லா இடத்திலும் பவானியே பேசிக்கொண்டிருந்தார். பேசிப் பழகிவிட்டார் என்றும் சொல்லலாம். கையெழுத்து வாங்க நானே ஒருநாள் வேலை முடிந்து மெட்ரோவின் மஞ்சள் லைன் பிடித்து ரவி இருக்கும் லொங்குய்ய்க்குப் போனேன்.

நோயாளி ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்ற நினைப்பில் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனது என் மடத்தனம். கதவைத் திறந்ததும் இறால் குழம்பின் வாசம் ஆளைத் தூக்கியது. அடுப்பை உயரம் குறைந்த மேசையில் வைத்து, ரவி வீல்செயாரில் இருந்தபடியே தாளித்துக்கொண்டிருந்தான்.

“வாங்கோ அக்கா. சாப்பிட்டிட்டுத்தான் கையெழுத்து,” என்றான்.

சாப்பிட்டேன். வெட்கமில்லாமல் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன். பிறகு பத்திரத்தை எடுத்து வைத்தேன். கியூபெக்கில் மனைவியைக் கூப்பிடுகிறவர், மூன்று வருடத்துக்கு அவளுடைய உணவு, உடை, இருப்பிடம் எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். அதைத் தமிழில் வாசித்துச் சொன்னேன். அதுவரை கலகலப்பாக இருந்தவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

“அக்கா, என்னை அரசாங்கம் பாக்குது. நான் எப்பிடி இன்னொராளைப் பாக்கிறன் எண்டு கையெழுத்து வைக்கிறது? வாசிக்கிறவன் சிரிக்க மாட்டானோ?”

“சட்டம் விடுகுது, தம்பி.”

“சட்டம் விடும். அவள் இஞ்சை வந்து, இவனிட்டை ஒண்டும் இல்லையே எண்டு நினைச்சா?”

பொய் சொல்கிறவர்களை ஏச எனக்கு வாய் நன்றாகத் திறக்கும். உண்மையைச் சொன்னால் வாயடைத்துப் போகும். அந்த நேரம் பார்த்து ரவியின் போனில் அலாரம் அடித்தது.

“ஒரு நிமிசம் அக்கா. இவளை எழுப்போணும்.”

இங்கே இரவு எட்டு என்றால் வவுனியாவில் விடியற்காலை ஐந்தரை. சுகந்திக்கு அலாரம் கேட்காதாம். போனில் ஒரு தூக்கக் குரல் “அஞ்சு நிமிசம்…” என்றது. “அஞ்சு நிமிசமும் இல்லை, பத்து நிமிசமும் இல்லை. எழும்பு! நேற்றும் பஸ்ஸை விட்டனீர். அடுப்பிலை தண்ணியை வையும், நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்,” என்று ரவி அதட்டினான். அவள் பல் தீட்டி, தேத்தண்ணி போட்டு, சேலை கட்டும்வரை போன் மேசையில் நின்றது. அந்த நேரம் முழுக்க இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள். எனக்குக் கலியாணமாகி முப்பத்தைந்து வருடம். எங்கள் வீட்டில் இவ்வளவு பேச்சு இல்லை.

அவன் போனை வைத்ததும் பேனாவை நீட்டினேன். “கையெழுத்தை வையும். சிரிக்கிறவனை நான் பாத்துக்கொள்ளுறன்,” என்றேன். வைத்தான். ஆனால் முகம் தெளியவில்லை.

3. இடுப்புக்கு மேலே ஒரு கலியாணம்

அடுத்த தலையிடி கலியாண அல்பம். திருமணம் உண்மையானது என்று காட்டப் படங்கள் வேண்டும். பவானி இரண்டு தடித்த அல்பங்களைச் சுமந்துகொண்டு படியேறி வந்தார். முதலாவதைப் பார்த்து முடித்தேன். இரண்டாவதையும் பார்த்தேன்.

ஒரு படத்திலும் வீல்செயார் இல்லை. மணவறையில் இருக்கும்போது சரிகைத் துணி. மாலை மாற்றும்போது முன்னால் இரண்டு தாம்பாளத் தட்டுக்காரிகள். குடும்பப் படத்தில் பெரிய பூச்சாடி. மற்றதெல்லாம் இடுப்புக்கு மேலே. நம் ஆட்களுக்கு இது கைவந்த கலை. மாப்பிள்ளைக்கு ஒரு குறை என்றால் ஊருக்குத் தெரியலாம், உறவுக்குத் தெரியலாம், அல்பத்துக்கு மட்டும் தெரியக்கூடாது.

“ஆர் செய்த வேலை?”

“நான்தான் படம் எடுக்கிற பெடியனுக்குச் சொன்னனான்,” என்றார் பவானி பெருமையாக. “எவ்வளவு வடிவா மறைச்சிருக்கிறான் பாருங்கோ!”

“வடிவுதான். ஆனா பவானி, ஃபைல் முழுக்க இவர் நடக்கமாட்டார் எண்டு டொக்டர் எழுதியிருக்கிறார். படத்திலை அப்பிடி ஒண்டுமே இல்லை. பாக்கிறவர் என்ன நினைப்பார்? பொம்பிளைக்குத் தெரியாமல் கட்டி வைச்சிட்டினம் எண்டு நினைக்க மாட்டாரோ?”

பவானியின் முகத்தில் பெருமை இறங்கியது. வேறு படம் ஒன்றும் தன்னிடம் இல்லை என்றார். விளக்கம் ஒன்று எழுதி இணைத்து அனுப்பினோம். நான் பயந்தபடியே நடந்தது. சில மாதங்களில் சுகந்தியை நேர்முகத்துக்குக் கொழும்புக்கு வரச் சொன்னார்கள். சந்தேகம் இருந்தால்தான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். அங்கே அவள் சொல்லும் பதிலில் எல்லாம் தங்கியிருந்தது.

4. கோப்பிக் கடையில் ஒரு போன்

நேர்முகம் முடிந்து சுகந்தி போன் எடுக்கும்போது எங்களுக்குக் காலை ஏழு மணி. ரவியால் படியேற முடியாதென்று மேத்ர் எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருந்த கோப்பிக் கடைக்கு வந்துவிட்டார். ரவி இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. பவானியின் கோலம் அதைவிட மோசம். என்னைக் கழிப்பறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

“அக்கா, ஒரு பிழை செய்துபோட்டன். முந்தநாள் சுகந்திக்கு எடுத்து, இவன் கொஞ்சம் கொஞ்சம் நடக்கிறான் எண்டும், கடையிலை வேலை எண்டும் சொல்லச் சொல்லிப்போட்டன்.”

“விசரே உங்களுக்கு! ரெண்டு தேத்தண்ணி குடிச்சுக் கேட்டதெல்லாம் எங்கை போச்சு?”

“பயம் அக்கா! கடைசி நேரத்திலை பயம் பிடிச்சிட்டுது.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடையின் டோனட் எல்லாவற்றையும் தூக்கி எறிந்திருப்பேன். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டோம். ரவியின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

“ஹலோ, எல்லாரும் இருக்கிறியளோ?” சுகந்தியின் குரலில் தூக்கமே இல்லை. “மச்சாள், கோவிக்காதேங்கோ. நீங்கள் சொல்லித் தந்ததை நான் சொல்லேல்லை.”

பவானி “அப்பாடா!” என்று சத்தமாகச் சொன்னார். ரவி திரும்பி அக்காவைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

“முதல் கேள்வியே அதுதான். உங்கடை புருசன் நடக்கமாட்டார் எண்டு தெரியுமோ எண்டு ஒஃபிசர் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. ‘ஐயா, மணவறையை மூண்டு தரம் சுத்தினது ஆரெண்டு நினைக்கிறியள்? நான்தான் தள்ளிக்கொண்டு சுத்தினனான். மூண்டாந்தரம் என்ரை கூறைச்சேலை சில்லுக்குள்ளை மாட்டி, ரெண்டு பேரும் ஐயரிலை போய் மோதினாங்கள்’ எண்டன். அவர் நம்பேல்லை. தங்கச்சி போனிலை எடுத்த வீடியோவைக் காட்டினன். ஐயர் சேலையை இழுக்கிறார், இவர் ‘கிழியப்போகுது, கிழியப்போகுது’ எண்டு கத்துறார், நான் சிரிக்கிறன். அந்த ஒஃபிசர் ரெண்டு தரம் போட்டுப் பாத்தார்.”

நான் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல மேத்ர் கோப்பியைத் தன் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டார்.

“பேந்து?” ரவி கேட்டான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. “வேலையைப் பற்றிக் கேட்டவரோ?”

“கேட்டவர். ‘உங்கடை கணவர் இயலாமைக் காசிலை இருக்கிறார். உங்களை எப்பிடிப் பாக்கப் போறார்?’ எண்டார்.”

கடையில் யாரோ பால் கொதிக்க வைக்கும் இயந்திரத்தை இயக்கினார்கள். அது நிற்கும்வரை நாங்கள் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“நான் சொன்னன், ‘எனக்கு அம்மா இல்லை. காலமை எழுப்பிறது அவர். சாப்பிட்டனோ எண்டு கேக்கிறது அவர். எனக்குக் காய்ச்சல் வந்தா, அங்கை இருந்துகொண்டு இஞ்சை ஓட்டோ பிடிச்சு அனுப்புறது அவர். என்னை அவர் இப்பவே பாத்துக்கொண்டுதான் இருக்கிறார் ஐயா. நான் கேக்கிறது கிட்ட இருந்து பாக்க விடுங்கோ எண்டுதான்.’ சரியோ, இல்லையோ எண்டு தெரியேல்லை. எனக்கு அதுதான் வந்தது.”

ரவி முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. பவானி அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, இந்த முறை யாருக்காகவும் ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றார். நான் மொழிபெயர்க்காமலே மேத்ருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்குத்தான் மூக்குறிஞ்ச வேண்டியிருந்தது.

“ஹலோ? லைன் கட்டாயிட்டுதோ?” என்றாள் சுகந்தி.

5. பொறுப்பு

விசா வந்தது. விமான நிலையத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போகத்தான் வேண்டுமா என்று என் கணவர் கேட்டார். பிறகு அவரே கார் ஓட்டிக்கொண்டு வந்தார்.

சுகந்தி குள்ளமான, வேகமாக நடக்கும் பெண். வெளியே வந்ததும் ரவியின் முன்னால் நின்றாள். அழுவாள் என்று நாங்கள் எல்லோரும் கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தோம். அவளோ குனிந்து அவன் காதில் ஏதோ சொல்லிவிட்டு, கையிலிருந்த பெட்டியை அவன் மடியில் வைத்தாள். அதற்கு மேல் இன்னொன்று. அதற்கும் மேல் ஒரு பை. ரவியின் கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

பவானி பதறிப்போனார். “என்னடி இது, வந்ததும் வராததுமா அவனிலை சுமையை ஏத்துறாய்!”

“மூண்டு வருசத்துக்கு என்ரை முழுப் பொறுப்பும் தன்ரை எண்டு அரசாங்கத்துக்குக் கையெழுத்து வைச்சுக் குடுத்திருக்கிறார், மச்சாள். இது முதல் நாள் வேலை,” என்றாள் சுகந்தி.

பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ரவி சிரித்த சிரிப்பு அந்த மண்டபம் முழுக்கக் கேட்டது. அவன் பேனாவைக் கீழே வைத்த நாளிலிருந்து அவன் முகத்தில் இருந்த அந்தக் கேள்வியை அன்றைக்குப் பிறகு நான் காணவில்லை.

என் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, சட்டத்தை மேத்ர் உங்களுக்குச் சொல்லித் தருவார். நான் சொல்லக்கூடியது இதுதான். இவனால் இவளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அக்காவிடம் கேட்காதீர்கள், கோயிலில் கேட்காதீர்கள், அவனிடம்கூடக் கேட்காதீர்கள். அவளிடம் கேளுங்கள்.